லென்ஸைக் குறை சொல்லும் முன்: சென்னைப் பூங்காவிலும் வண்டலூரிலும் படம் எடுப்பவர்களுக்கு

நான் வாங்கிய பழைய 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்று 19,000 ரூபாய். அதற்குப் பொருத்திய யு.வி. ஃபில்டர் (லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கண்ணாடி) 1,200. "ஃபோகஸ் சரியில்லை, காலிபரேஷன் செய்ய வேண்டும்" என்று வாங்கிய கட்டணம் 2,500. மழைக்காலம் முடிந்து பூஞ்சையைச் சுத்தம் செய்ய 4,500. கடைசியில் அந்த லென்ஸ் 6,000 ரூபாய்க்குக் கைமாறியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் 21,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. கிண்டியிலும் வண்டலூரிலும் அணில், மடையான், வெளிமான் படம் எடுக்க ஆசைப்பட்ட ஒரு பொழுதுபோக்குக்கு இது அதிகம். இதில் பாதிச் செலவு, விஷயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து பத்து நிமிஷம் பேசியிருந்தால் மிச்சமாகியிருக்கும். கடைக்காரர் விற்கத்தான் பேசுவார். யூடியூபில் பேசுபவர்களில் பெரும்பாலோர் குளிர்நாட்டில் இருக்கிறார்கள்; சென்னைப் புழுக்கத்தில் லென்ஸுக்கு என்ன ஆகும் என்பது அவர்கள் கவலை இல்லை. அதனால் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் வந்த புகார், எல்லோருக்கும் வருவதுதான்: படம் தெளிவாக இல்லை. கேமராத் திரையில் பார்த்தால் அருமையாக இருக்கும், கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் இறகு எல்லாம் குழைந்து கிடக்கும். உடனே லென்ஸ் மேல் சந்தேகம் வரும், சர்வீஸுக்கு எடுத்துக்கொண்டு ஓடுவோம். அதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது, காசு செலவில்லை. சுவரில் தினசரி காலண்டரை மாட்டுங்கள். ராகு காலம், எமகண்டத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ராசிபலன் இருக்குமே, அதுதான் குறி. கேமராவை டிரைபாடில் வைத்து, ஸ்டெபிலைசரை (கை ஆட்டத்தைச் சமாளிக்கும் வசதி) அணைத்து, 2 நொடி டைமர் போட்டு, 300 மி.மீ.யில் எஃப் 5.6 (அதாவது முழுத் திறப்பு) வைத்து நான்கு மீட்டர் தூரத்திலிருந்து எடுங்கள். ஒரு தடவை வ்யூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) வழியாக ஃபோகஸ் செய்து எடுங்கள், ஒரு தடவை லைவ் வியூவில், அதாவது பின்திரையைப் பார்த்து எடுங்கள். ஒவ்வொரு தடவையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டு மறுபடி பிடிக்க வைக்க வேண்டும், இரண்டு வழியிலும் நாலைந்து படமாவது வேண்டும். லைவ் வியூ படத்தில் எழுத்து பளிச்சென்றும், வ்யூஃபைண்டர் படத்தில் எப்போதும் மங்கலாகவும் வந்தால் டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள கேமரா) பாடியின் ஃபோகஸ் விலகியிருக்கிறது; அதற்குத்தான் காலிபரேஷன். விலை குறைந்த பாடிகளில் ஃபோகஸை நாமே திருத்தும் மெனு இருக்காது, சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். இரண்டும் மங்கலென்றால் எஃப் 8-இல் எடுத்துப் பாருங்கள். அங்கே சரியானால் அந்த லென்ஸ் முழுத் திறப்பில் கொஞ்சம் மென்மையானது, அவ்வளவுதான். இரண்டுமே பளிச்சென்றால் லென்ஸுக்கு ஒரு குறையும் இல்லை. குறை வெளியே, அது காற்றில் இருக்கலாம், ஃபில்டரில் இருக்கலாம், ஷட்டர் வேகத்தில் இருக்கலாம். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இந்த வ்யூஃபைண்டர் தகராறே கிடையாது. அவர்களிடம் காலிபரேஷனுக்குக் காசு கேட்டால் எதற்கு என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

காற்றைத்தான் யாரும் சொல்வதில்லை. சூடான தோசைக்கல்லுக்கு மேல் காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் காலை 9 மணிக்கு மேல் உங்களுக்கும் பூநாரைக்கும் நடுவே நடப்பது அதுதான், கண்ணுக்குத் தெரியாது, 300 மி.மீ.க்குத் தெரியும். 600 மி.மீ. லென்ஸுக்கு இன்னும் நன்றாகத் தெரியும், அதனால் பெரிய லென்ஸ் வாங்கினால் தீரும் என்று நினைக்க வேண்டாம். அடையாளம் காண்பது சுலபம்: ஒரே இடத்தில் நிற்கும் கொக்கைத் தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுங்கள். ஒன்று சுமாராக, அடுத்தது குழைந்து, அடுத்தது கழுத்து லேசாக வளைந்து என்று மாறி மாறி வந்தால் அது வெப்ப நெளிவு. ஃபோகஸ் தவறியிருந்தால் கொக்குக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள புல் தெளிவாக இருக்கும். இங்கே எதுவுமே தெளிவாக இருக்காது. ஷட்டரை 1/4000 வைத்தாலும் இது போகாது. செய்யக்கூடியது மூன்றே விஷயம். சூரியன் எழுந்த முதல் ஒன்றரை மணி நேரத்துக்குள் எடுப்பது. இருபது மீட்டருக்குள் வரும் பறவையை மட்டும் எடுப்பது. வெயில் பட்ட தார் சாலை, சிமெண்ட் தளம், கார் பானட் இவற்றுக்கு மேலாக லென்ஸை நீட்டாமல் இருப்பது. ஏ.சி. ஓடும் காரில் கண்ணாடியை இறக்கி எடுத்தாலும் உள் குளிரும் வெளிச் சூடும் ஜன்னலில் கலந்து இதே கோலம்தான். ஏ.சி.யை அணைத்து எல்லாக் கண்ணாடியையும் இறக்கிச் சில நிமிஷம் விட்டு எடுங்கள். காலிபரேஷனுக்குப் போன 2,500 ரூபாய் உண்மையில் இந்தக் காற்றுக்குக் கொடுத்த காசு. சர்வீஸிலிருந்து வந்த பிறகும் படம் அப்படியே இருந்தபோது வந்த எரிச்சலில் கேமராவையே விற்றுவிடலாம் என்று தோன்றியது.

அடுத்து ஃபில்டர். லென்ஸ் வாங்கும்போது "கண்ணாடிக்குப் பாதுகாப்பு சார்" என்று கடையிலேயே மாட்டித் தருவார்கள். மலிவான யு.வி. ஃபில்டர் 50 மி.மீ. லென்ஸில் பெரிதாகத் தெரியாது, 300-இல் தெரியும். கிளையின் ஓரத்தில் இரட்டைக் கோடு, பின்னணியில் உள்ள புல் கம்பி கம்பியாக அடித்துக்கொள்வது, எதிர்வெயிலில் வெளிறிப்போவது எல்லாம் அதன் வேலை. அதே காலண்டர் சோதனையை ஃபில்டர் போட்டு ஒன்று, கழற்றி ஒன்று செய்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். பாதுகாப்புக்கு லென்ஸ் ஹுட் போதும், அது கீழே விழுந்தாலும் முதல் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும், வெயிலையும் மறைக்கும். கடற்கரையில் உப்புக் காற்றும் மணலும் அடிக்கும் இடத்தில் மட்டும் நல்ல ஃபில்டர் போடலாம்.

ஷட்டர் விஷயம் பலர் எழுதியதுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். க்ராப் சென்சார் (சின்ன சென்சார்) கேமராவில் 300 மி.மீ. என்பது 450-480 மி.மீ. பார்வை, கை ஆட்டமும் அதற்கேற்பப் பெரிதாகத் தெரியும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500, தலையைத் திருப்பித் திருப்பி ஆட்டும் தேன்சிட்டுக்கு 1/1000, பறப்பதற்கு 1/1600-இலிருந்து 1/2500. ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விட்டு உச்ச வரம்பை 3200 அல்லது 6400 வையுங்கள். புள்ளி புள்ளியாக நாய்ஸ் வந்தால் பிறகு குறைத்துக்கொள்ளலாம், அசைந்த படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஸ்டெபிலைசர் உங்கள் கை ஆடுவதைத்தான் சமாளிக்கும், அணில் ஆடுவதை அல்ல. ஷட்டர் பட்டனுக்கு அரை அழுத்தம் கொடுத்ததும் அது நிலைக்கு வர அரை நொடி ஆகும். சட்டென்று அமுக்கினால் முதல் படம் குழையும். இருண்ட தண்ணீர்ப் பின்னணியில் வெயில் பட்ட வெள்ளைக் கொக்குக்கு எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாகும் அளவு) குறையுங்கள், இல்லாவிட்டால் இறகே இல்லாத வெள்ளைத் துணி மாதிரி வரும். மின்கம்பியில் உட்கார்ந்த கரிச்சானுக்கு வெளுத்த வானம் பின்னணியென்றால் ஒரு ஸ்டாப்புக்கு மேல் கூட்டுங்கள்.

இனி வண்டலூர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர், நடந்தே தீர்க்க முடியாது, சைக்கிளோ பேட்டரி வண்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. காலை 9 மணிக்குத்தான் கதவு திறக்கும், அதற்குள் நல்ல வெளிச்சம் பாதி போயிருக்கும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும்; அந்த மாதங்களில் 10 மணிக்கே புலியின் கண்குழி கறுத்துவிடும். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து வருவதால் நாள் முழுக்க ஓரளவு எடுக்கலாம், பிற்பகல் 3:30-க்கு மேல் இன்னும் நன்றாக இருக்கும். உள்ளே ஓட்டேரி ஏரி இருக்கிறது. மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அங்கே நீர்ப்பறவைகள் தாமாக வந்து இறங்கும். கூண்டுப் பறவையை எடுக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் அதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு, ஸ்டில்லுக்கும் வீடியோவுக்கும் வேறு வேறு. ரசீதைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள், உள்ளே கேட்பார்கள். டிரைபாட் எடுத்துப் போனால் எந்தப் பூங்காவிலும் சினிமா ஷூட்டிங்கா, கல்யாண ஷூட்டிங்கா என்று கேள்வி வரும், மோனோபாட் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பிஸ்கட் பொட்டலம் மட்டும் பையின் வெளிப் பாக்கெட்டில் வேண்டாம். சரசரவென்ற சத்தம் கேட்டால் குரங்கு பையோடு இழுக்கும், பையில்தான் லென்ஸ் இருக்கும்.

சிங்கம், புலிக்கு அகழி இருப்பதால் நடுவே தடுப்பு கிடையாது. சிக்கல் பறவைக் கூண்டுகளின் கம்பி வலையில். வலை மறைய வேண்டுமென்றால் அதன் கணக்கு தெரிய வேண்டும். 300 மி.மீ.யை எஃப் 5.6-இல் திறந்தால் ஒளி நுழையும் துளையின் அகலம் சுமார் 54 மி.மீ. வலைக் கம்பி 3 மி.மீ. தடிமன் என்றால் ஒரு கம்பி அந்தத் துளையில் ஏழு சதவீதத்தைத்தான் மறைக்கும்; படத்தில் கம்பி தெரியாது, கொஞ்சம் வெளிறும், அவ்வளவே. அதே லென்ஸை 70 மி.மீ., எஃப் 4 என்று சுருக்கினால் துளை 17 மி.மீ. சொச்சம், கம்பி சாம்பல் பட்டையாக வந்து நிற்கும். 300-இல் எஃப் 16 வைத்தாலும் அதே கதி. ஆகவே முழு ஜூம், முழுத் திறப்பு. நீங்கள் வலைக்கு அருகில் இருக்க வேண்டும், பறவை வலையிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். பறவை வலையிலேயே தொற்றிக்கொண்டிருந்தால் எந்த வித்தையும் பலிக்காது, காத்திருங்கள். வலைக்கு முன்னால் பார்வையாளர் தடுப்பு இருக்கும், அதைத் தாண்டக் கூடாது, லென்ஸை நீட்டவும் கூடாது.

இன்னொன்று, வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். உங்கள் பக்கம் வலை மேல் வெயில் விழுந்தால் ஒவ்வொரு கம்பியும் மின்னி, படம் முழுக்கப் பால் ஊற்றியது போல் ஆகிவிடும். மரநிழல் விழும் பகுதிக்கு நகருங்கள், இல்லாவிட்டால் கூட வந்தவரைக் குடை பிடிக்கச் சொல்லுங்கள். குடை நிழல் அந்த ஒரு சதுர அடியில் விழுந்தால் போதும். ஃபோகஸ் வலையிலேயே ஒட்டிக்கொள்ளும், அது இயல்பு. ஒற்றைப் புள்ளி ஃபோகஸ் வைத்து, முதலில் கூண்டின் பின்சுவரில் ஃபோகஸ் பிடித்து, பிறகு பறவைக்குக் கொண்டுவாருங்கள்; பின்னாலிருந்து முன்னால் வரும்போது வலையைத் தொடாமல் பறவையில் நிற்கும். அப்படியும் அடம்பிடித்தால் கையால் திருப்புங்கள்.

ஊர்வன இருக்கும் கண்ணாடிக் கூண்டுகளில் உங்கள் சட்டைதான் எதிரி. வெள்ளைச் சட்டை போட்டுப் போனால் மலைப்பாம்பின் மேல் உங்கள் சட்டை தெரியும். கறுப்புச் சட்டை, இல்லாவிட்டால் லென்ஸைச் சுற்றிக் கறுப்புத் துணி. இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு ரப்பர் ஹுட் கிடைக்கும், அதைக் கண்ணாடியோடு ஒட்டி நேராகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் தடித்த கண்ணாடி தெளிவைக் கெடுக்கும். அந்த இருட்டில் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) வேண்டாம், ஒன்றரை இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தைத் தின்றுவிடும். பாம்பு அசையாமல் கிடக்கும், 1/60 வைத்து ஸ்டெபிலைசரை நம்பி ஏழெட்டுப் படம் எடுத்தால் ஒன்றாவது தேறும். ஃபிளாஷ் எங்கேயும் வேண்டாம், கண்ணாடியில் திருப்பி அடிப்பது ஒரு பக்கம், இரவாடிகளுக்கு அது கொடுமை. பூங்கா மரப்பொந்தில் ஆந்தை குஞ்சு பொரித்திருக்கும் நேரத்தில் கீழே கூட்டம் போட்டுக் கைதட்டி எழுப்புகிறவர்களையும் மொபைலில் குரல் போட்டுக் கூப்பிடுகிறவர்களையும் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தப் படம் எவ்வளவு நன்றாக வந்தாலும் மதிப்பில்லை.

இதெல்லாம் பழகிப் படம் ஓரளவு வர ஆரம்பித்த நேரத்தில் வடகிழக்குப் பருவமழை. லென்ஸ் பையோடு அலமாரியில் கிடந்தது. மழை விட்டு எடுத்துப் பார்த்தால் எதிர்வெயிலில் எல்லாப் படமும் வெளிறியது. டார்ச் அடித்துப் பார்த்தபோது உள்ளே நடுக் கண்ணாடியின் ஓரத்திலிருந்து மயிரிழை போல் வெள்ளை நூல்கள் கிளை விட்டு மையத்தை நோக்கி வந்திருந்தன. பூஞ்சை. வயிறு எரிந்தது. எனக்கு லென்ஸை விற்ற கடையில் "அது தூசிதான், எல்லா லென்ஸிலும் இருக்கும்" என்றார்கள். தூசி புள்ளியாக இருக்கும், கிளை விடாது. மூடுபனி போல் சீராக மங்கியிருந்தால் அது எண்ணெய் ஆவி படிந்தது, விளிம்பில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன என்று பொருள். இந்த நான்கையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் யாரும் வாயை அடைக்க முடியாது.

சுத்தம் செய்யக் கொடுக்கும் முன் பூஞ்சை எந்தக் கண்ணாடியில் என்று கேளுங்கள். முன்கண்ணாடியிலோ பின்கண்ணாடியிலோ என்றால் வேலை சுலபம், கட்டணம் குறைவு. நடுவில், அதிலும் ஸ்டெபிலைசர் தொகுதியில் என்றால் முழுக்கப் பிரிக்க வேண்டும்; திரும்பக் கோர்க்கும்போது கண்ணாடி மயிரிழை நகர்ந்தாலும் படத்தின் ஒரு ஓரம் நிரந்தரமாக மங்கும். இந்த லென்ஸுக்கு அதுதான் நடந்தது, வலது ஓரம் போயிற்று. பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்திருந்தால் துடைத்த பிறகும் தடம் இருக்கும். சின்னதாக ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் இருந்தால் தெளிவு குறையவே குறையாது. வெளியே துடைத்து, உலர்வாக வைத்து, வளராமல் பார்த்துக்கொண்டு அப்படியே பயன்படுத்துவதுதான் புத்திசாலித்தனம். இணையத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் கலந்து வீட்டில் துடைக்கும் செய்முறை கிடைக்கும். ஐநூறு ரூபாய்ப் பழைய மேனுவல் லென்ஸில் கை பழகுங்கள், ரிப்பன் கேபிள் ஓடும் ஸ்டெபிலைசர் லென்ஸில் வேண்டாம்.

பூஞ்சைக்கு வேண்டியது 60-65 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம், இருட்டு, காற்றோட்டமின்மை. சென்னை அலமாரி மூன்றையும் இலவசமாகத் தருகிறது. கேமரா பை எடுத்துப் போவதற்கு மட்டும்தான், வைப்பதற்கு அல்ல; அதன் பஞ்சு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தோல் உறை இன்னும் மோசம். பூச்சி உருண்டை போட்ட துணி அலமாரியும் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் படியும். அரிசி டப்பாவில் புதைப்பது பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, மாவுத்தூசி பூஞ்சைக்குத் தீனி. காற்றுப் புகாத 12-15 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா, ஈரம் உறிஞ்ச 250 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே ஈரப்பதம் காட்டும் ஒரு சின்ன டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர், எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். அளவு 40-50 சதவீதத்தில் நிற்க வேண்டும், 30-க்குக் கீழே இறங்கினால் ரப்பரும் கிரீஸும் வறளும். ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள், ஈரம் ஏறினால் பச்சையாகும். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு, நச்சு. நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழையபடி ஆகும், அந்தத் தட்டைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். இரண்டு மூன்று லென்ஸ் சேர்ந்துவிட்டால் மின்சார டிரை கேபினட் வாங்கிவிடலாம்.

இன்னொரு வழியிலும் ஈரம் உள்ளே போகும். இரவெல்லாம் 24 டிகிரி ஏ.சி. அறையில் இருந்த லென்ஸை அக்டோபர் காலையில் நேராக வெளியே எடுத்தால் பனி பிடித்தாற்போல் நீர் கோக்கும். வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் 25 டிகிரிக்குக் கீழே இருக்கும் எந்தப் பொருளிலும் நீர் படியும். ஜூமைத் திருகும்போது அந்த ஈரக் காற்றை லென்ஸ் உள்ளே இழுத்துக்கொள்ளும். முந்தைய இரவே கேமராவை ஏ.சி. இல்லாத அறையில் வையுங்கள். மறந்துவிட்டால் ஜிப் கவரில் மூடி வெளியே வைத்து, முக்கால் மணி நேரம் கழித்துத் திறங்கள். திரும்பி வந்ததும் நனைந்த பையோடு மூடி வைக்காமல், மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் உலர்த்தி டப்பாவில் போடுங்கள்.

மறுபடி பழைய லென்ஸ்தான் வாங்கினேன், இந்த முறை கடையிலேயே சோதித்து. இரண்டு மூடியையும் கழற்றி, பின்னாலிருந்து எல்.இ.டி. டார்ச்சைச் சாய்வாக அடித்து, முன்னாலிருந்து ஜூமை 70-இலிருந்து 300 வரை மெல்லத் திருகிக்கொண்டே பாருங்கள். ஜூம் நகரும்போதுதான் உள் கண்ணாடிகள் ஒவ்வொன்றாக வெளிச்சத்துக்கு வரும். கடைக்காரர் டார்ச் வேண்டாம், ட்யூப்லைட்டில் பாருங்கள் என்பார், சம்மதிக்காதீர்கள். உங்கள் கேமராவில் மாட்டி எதிர்க் கட்டடத்து விளம்பரப் பலகையை எடுத்து, நான்கு மூலையும் ஒரே அளவு தெளிவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் யாரோ பிரித்துக் கோர்த்த லென்ஸ். ஸ்க்ரூ தலைகளில் கீறல் இருக்கிறதா பாருங்கள். ஸ்டெபிலைசரைப் போட்டால் லேசான ரீங்காரம் கேட்க வேண்டும், வ்யூஃபைண்டரில் உருவம் மிதந்து நிற்க வேண்டும், குதிக்கக் கூடாது. ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் முழுப் பணம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள், அந்த வாரத்திலேயே காலண்டர் சோதனையை முடித்துவிடுங்கள்.